முட்டி போட்ட கணக்கப்பிள்ளை

யசோதினிக்குக் கொழும்பில் நடிகை என்று பெயர். நடிகை என்றதும் சுவரொட்டியில் பல்லைக் காட்டும் முகத்தை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தலைவலித் தைல விளம்பரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வரும் மாமியார் அவள்தான். சலவைத்தூள் விளம்பரத்தில் கறை போகவில்லையே என்று சட்டையைத் தூக்கிக் காட்டும் பக்கத்து வீட்டுக்காரியும் அவள்தான். தொலைக்காட்சி நாடகங்களில் தட்டோடு வந்து, "நோனா, டீ கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற வேலைக்காரி வேடம் என்றால் முதலில் அவளுக்குத்தான் தொலைபேசி வரும். அந்த முகவெட்டு அதற்குத்தான் பொருத்தம் என்று ஒரு புண்ணியவான் அவள் எதிரிலேயே சொன்னான். அவன் பெயர் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. யசோதினி எதையும் இலேசில் மறக்கிற ஆள் இல்லை.

முகமாவது அவளுடையது. குரல் ஒருநாளும் அவளுடையதாக இருந்ததில்லை. படப்பிடிப்பில் அவள்தான் பேசுவாள். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேறொருத்தி வந்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, அவளுடைய வாயசைவுக்குத் தன் குரலைப் பொருத்திவிட்டுப் போவாள். "உங்கட தமிழில தோட்டத்து வாடை அடிக்குது, குறை நினைக்காதேங்கோ" என்று ஒரு தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்பதற்குத்தானே அந்தத் தொழிலில் கூலி.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தேயிலைக் கம்பெனியின் விளம்பரம் வந்தது. டைரக்டர் துலாஞ்சன சிங்களவர், இளைஞர், தமிழில் 'வணக்கம்' தவிர ஒரு சொல் தெரியாது. கொழுந்து பறிக்கும் பெண்ணாக அவள் நடிக்க வேண்டும். "இந்த முறை டப்பிங் கிடையாது. தமிழ் விளம்பரத்தில் உன் குரல்தான் போகும். கம்பெனிக்கு மலைநாட்டின் உண்மையான குரல் வேண்டுமாம்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வாடை அடிக்கிறது என்று ஒதுக்கினார்களோ அதே வாடை வேண்டுமாம். எங்கே ஷூட்டிங் என்று கேட்டாள். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில் பிரிந்து ஏற வேண்டும், வேங்கைமலைத் தோட்டம் என்றார்.

அவள் பிறந்த தோட்டம். அம்மா ராசம்மா இன்னும் அங்கே லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான் இருக்கிறாள். அந்தப் பெயரைக் கேட்டதும் சந்தோஷத்துக்கு முன்னால் யசோதினிக்கு நினைவு வந்தது வேறொரு பெயர். தயாபரன்.

தயாபரன் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எந்தப் பெண் எந்த நிரையில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும், மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடைகளைப் பார்த்து நல்லது, முத்தல் என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். யசோதினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் ராசம்மாவைக் கூப்பிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற தன் மச்சான் வீட்டுக்கு ஒரு வேலைக்காரப் பிள்ளை வேண்டும், மகளை அனுப்பு என்றார். மூன்று வேளைச் சோறு, நல்ல துணி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு என்றார். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டு, "புள்ள படிக்குதுங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மலையின் கோடியில், நாட்கணக்கில் யாரும் கை வைக்காமல் இலை முற்றிப்போன நிரைகள்.

முற்றிய செடியில் பறித்தால் கூடையில் முத்தல்தான் விழும். ஒரு மாலை, மழை விட்ட நேரம், மடுவத்தில் எல்லாப் பெண்களும் வரிசையில் நிற்க, தயாபரன் ராசம்மாவின் கூடையை வாங்கி ரோட்டுச் சேற்றில் கவிழ்த்தார். முட்டி போட்டு முத்தலையெல்லாம் தனியாகப் பொறுக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி வந்த யசோதினி வெள்ளை யூனிபோமோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். "மக பாக்கட்டும். நாளைக்கு அவளுக்கும் இதுதானே" என்றார் தயாபரன். ராசம்மா ஜல்லிக்கல்லில் முட்டியை ஊன்றி, இருட்டும்வரை பொறுக்கினாள். நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இப்போது அவள் முட்டி இரண்டும் வீங்கி, செங்குத்தான அந்த லயத்துப் படிகளில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறாள்.

யசோதினி பின்னாளில் கொழும்புக்குப் போய், துணிக்கடையில் நின்று, மேடை நாடகத்தில் ஏறி, விளம்பரத்துக்குள் நுழைந்தது தனிக்கதை. எந்த வேலைக்குப் போகக்கூடாது என்று அம்மா சேற்றில் முட்டி போட்டாளோ, அந்த வேலைக்காரியாகவே அவள் திரையில் வந்து போனாள். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கும்போதும் தயாபரனுக்கு ஒரு சாபம் விடுவாள். அது அவளுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

படப்பிடிப்பு அன்று காலையில் மலையில் பனிமூட்டம் விலகவில்லை. தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரே சிவப்பில் புதுச்சேலை கட்டிவிட்டார்கள். அந்தச் சேலையோடு யாராவது கொழுந்து பறித்தால் அரை மணியில் கிழிந்துவிடும். யசோதினிக்கும் அதே சேலை, முதுகில் புதுக்கூடை, கன்னத்தில் ஒப்பனைக்காரி தொட்டு வைத்த கொஞ்சம் மண். பெண்களை "நீ இங்க நில்லு, நீ அங்க போ" என்று கை நீட்டி நிறுத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். தலைமுடிக்குக் கருமை பூசி, மடிப்புக் கலையாத கால்சட்டை போட்டு, குடையை ஊன்றி நின்றார். தயாபரனேதான்; ஓய்வு பெற்றுப் பதுளையில் வீடு கட்டிப் போனவர். ஷூட்டிங் என்றதும், ஆட்களைச் சேர்த்துத் தருகிறேன் என்று தானாகவே வந்து ஒட்டிக்கொண்டாராம்.

"வணக்கம்மா. கொழும்பா?" என்று அவளிடம் வந்து கேட்டார் தயாபரன்.

"ஆமாங்க" என்றாள்.

"இந்தப் பொம்பளைங்களுக்கு நடிக்கத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார். அவருக்கு ஆளை அடையாளமே தெரியவில்லை. அவள் சிரித்துவைத்தாள்.

விளம்பரத்தின் கதை இதுதான். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணின் கூடை ரோட்டில் கொட்டிவிடுகிறது. அந்த வழியாக வரும் தோட்டத்து அதிகாரி, பாவம் என்று முட்டி போட்டு அவளோடு சேர்ந்து பொறுக்கிக் கொடுக்கிறார். "விடுங்கய்யா, நான் பொறுக்கிக்கிறேன், நீங்க போயி டீயக் குடிங்க" என்கிறாள் அவள். அவர் பேசாமல் புன்னகைக்கிறார். பிறகு இருவரும் தேநீர் குடிக்கிறார்கள். இதை எழுதியவன் தோட்டத்தை வேனின் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்திருக்க வேண்டும். கதையைக் கொழும்பிலேயே படித்தபோது யசோதினிக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது.

ஆனால் கடவுள் சில நேரம் நம் பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். அதிகாரியாக நடிக்க வந்த கொழும்பு நடிகர் ஹப்புத்தளை வளைவுகளிலேயே வாந்தி எடுக்கத் தொடங்கி, பதுளையில் காய்ச்சலோடு படுத்துவிட்டார். செய்தி வந்ததும் துலாஞ்சன தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கம்பெனிக்காரர்கள் கூடாரத்துக்குள் நகத்தைக் கடித்தார்கள்.

யசோதினி டைரக்டரிடம் போனாள். சிங்களத்தில், மிகப் பணிவாக, "அந்தக் குடைக்கார ஐயாவைப் பாருங்களேன் சேர். நிஜமாகவே இங்கே அதிகாரியாக இருந்தவர். முகத்தில் எவ்வளவு கனிவு பாருங்கள்" என்றாள். கனிவு என்ற சொல்லை வாயிலிருந்து வெளியே தள்ளுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. துலாஞ்சன விரல்களைச் சட்டமாகப் பிடித்துத் தயாபரனைப் பார்த்தார். வசனம் எதுவும் இல்லாத வேடம்; முட்டி போடத் தெரிந்தால் போதும்.

தயாபரனுக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். "நடக்க வேண்டும், முட்டி போட வேண்டும், பொறுக்க வேண்டும். நான் 'கட்' சொல்லும்வரை எது நடந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, பேசவும் கூடாது. மேலே தொங்குகிற மைக்கில் எல்லாம் பதிவாகும்" என்று துலாஞ்சன சொல்லிக் கொடுத்தார். தயாபரன் பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

ரோட்டோரத்தில் லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. கூட்டத்தின் பின்னால் ராசம்மாவும் குடையோடு நின்றாள். அம்மா பார்க்க வேண்டும், அதே ரோட்டில் அந்த ஆள் முட்டி போடுவதை அத்தனை பேரும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் யசோதினி கேட்டது. வசனத்தைச் சரியாகச் சொல்லிவிடுவாள், குரலும் விளம்பரத்தில் போகும், கணக்கும் தீரும் என்று நினைத்தாள்.

"அக்‌ஷன்" என்றார் துலாஞ்சன. கூடை சரிந்தது. கொழுந்து கொட்டியது. தயாபரன் வந்தார், முட்டி போட்டார், பொறுக்கினார். யசோதினி வசனத்தைப் பிசகாமல் சொன்னாள். 'கட்' என்றதும் கூடாரத்திலிருந்து கைதட்டல் வந்தது. தயாபரன் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

இன்னொரு டேக் எடுத்தார்கள். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அவர் மலர்ந்த முகத்தோடு முட்டி போட்டார். ஜல்லி குத்தாமல் இருக்கக் கால்சட்டைக்குள் பஞ்சுப்பட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். ஒப்பனைக்காரி ஓடி ஓடி வந்து அவர் நெற்றியை ஒற்றினாள். யாரோ குடை பிடித்தார்கள். இந்த மனிதனைக் கீழே இறக்கத்தானே கூட்டி வந்தாள்? இவள் பிடித்துத் தூக்கி மணவறையில் உட்கார வைத்த மாதிரி அல்லவா ஆகிவிட்டது!

இடைவேளையில் பிளாஸ்டிக் கோப்பையில் டீயோடு தயாபரன் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"கதை எழுதினவரு நம்மளப் பத்தி நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்காரு" என்றார். "நான் கணக்கப்பிள்ளையா இருந்தப்பவும் இப்பிடித்தான். இந்தப் பொம்பளைங்களுக்கு நான் தகப்பன் மாதிரி. கேட்டுப் பாருங்க, ஒருத்தர மனசு நோகப் பேசியிருக்கனா?"

"அப்பிடிங்களா" என்றாள் யசோதினி.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எம்மேல அம்புட்டு மரியாத."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ராசம்மா அதே இடத்தில் நின்றாள். முகம் குடைக்குள் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்ற கிழவிகளின் கூடைகளும் ஒரு காலத்தில் இதே ரோட்டில் கவிழ்ந்தவைதான். ஒருவரும் சிரிக்கவில்லை. வேண்டாத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். யசோதினிக்கு அப்போது கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்த விளம்பரம் வெளியே போனால், நாடு முழுவதும் இந்த ஆளைத் தெய்வம் என்று சொல்லும். அவளுடைய சொந்தக் குரலில் அவளே நன்றி சொல்லியிருப்பாள்.

"இவர் முகத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. கடைசியாக ஒரு டேக், நெருக்கத்தில்" என்றார் துலாஞ்சன. பஞ்சுப்பட்டை மடிப்பாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றச் சொன்னார். அதை அவிழ்க்க யசோதினியே ஓடிப்போய் உதவினாள்.

கூடை சரிந்தது. தயாபரன் முட்டி போட்டார். ஜல்லி குத்தியதில் முகம் இலேசாகச் சுருங்கியது. யசோதினி அவருக்கு எதிரில் குனிந்தாள். கதையில் எழுதியிருந்தபடியே, கண்ணில் அன்பு, உதட்டில் புன்னகை. மலைக்கே கேட்கிற குரலில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அவள் பேசினாள்.

"நல்லாப் பொறுக்குங்க ஐயா. முத்தல் வேற, கொழுந்து வேறன்னு பிரிச்சுப் பொறுக்குங்க. எல்லாரும் பாக்கட்டும்."

தயாபரனின் கை நின்றது.

"நிறுத்தாதீங்க, கெமரா ஓடுது" என்றாள் அதே புன்னகையோடு. "கல்லு குத்துதுங்களா? அன்னிக்கு ராசம்மாவுக்கும் இதே ரோட்டுலதாங்க குத்துச்சு. ஞாபகம் இருக்குங்களா? ஒங்க மச்சான் வீட்டுக்குச் சட்டி கழுவ மகள அனுப்பமாட்டேன்னு சொன்னாங்களே, அந்த ராசம்மா. அந்த மக நாந்தாங்க."

அவர் நிமிர்ந்தார். கருமை பூசிய முடிக்குக் கீழே முகம் வெளிறிப்போனது. வாயைத் திறந்தார். தலைக்கு மேல் மைக் தொங்கியது. பேசினால் அது அப்படியே தொலைக்காட்சியில் போய்விடும் என்று மனிதர் நம்பினார். எழுந்தால் படம் கெட்டுவிடும், தோட்டத்துத் தொரைமாரும் கம்பெனிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"தகப்பன் மாதிரின்னீங்களே. எந்தத் தகப்பன்யா மகளச் சேத்துல முட்டி போட வைப்பான்? அங்கன ஒரு எல கெடக்கு பாருங்க. அதையும் எடுங்க."

எடுத்தார். பின்னணியில் கொழுந்து பறிப்பதுபோல் நின்ற பெண்களில் ஒருத்தி செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கூட்டத்தில் யாரோ 'அப்பிடிப் போடு' என்றார்கள். தயாபரனின் கண்ணில் நீர் கோத்து, மூக்கு நுனி வழியாக இலை மேல் விழுந்தது. வெட்கமா, பயமா, முட்டி வலியா, அவருக்கே வெளிச்சம். யசோதினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு இனிப்பாக எதையும் அவள் வாழ்நாளில் பேசியதில்லை.

"கட்!" என்று கத்திக்கொண்டு துலாஞ்சன ஓடிவந்தார். "கண்ணீர்! அந்த முகம்! இதுதான் டேக், இதுதான்!" என்று தயாபரனைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஒலிப்பதிவாளரைத் திரும்பிப் பார்த்து, "ஸப்வான், குரல் சரியா?" என்றார்.

ஸப்வான் பண்டாரவளைப் பையன். காதில் மாட்டியிருந்த கருவியில் ஒரு சொல் விடாமல் கேட்டவன். படக்குழுவில் யசோதினியைத் தவிர தமிழ் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். அவன் யசோதினியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு இனி இந்தத் தொழில் இல்லை.

"காத்து சேர், எல்லா டேக்கிலயும் சரியான காத்து" என்று சிங்களத்தில் சொன்னான் ஸப்வான். "குரல் ஒண்டும் பாவிக்க ஏலாது. டப்பிங்தான் செய்யோணும்."

"போகட்டும். படம் கிடைத்ததே. வழக்கமாக வருகிற குரல்காரியையே கூப்பிடுவோம்" என்றார் துலாஞ்சன. அவ்வளவுதான். மலைநாட்டின் உண்மையான குரல் காற்றோடு போயிற்று.

தயாபரனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. தோட்டத்துப் பெண்கள் ஒருவரும் கை கொடுக்கவில்லை. விளக்குப் பிடித்த கொழும்புக்காரன்தான் தூக்கிவிட்டான். அவர் டைரக்டரிடம் போய், "அந்தப் பொம்பளை..." என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். அவள் என்ன சொன்னாள் என்று சொல்ல வேண்டுமானால், தான் என்ன செய்தார் என்பதையும் அவரே அல்லவா சொல்ல வேண்டும்? "என்ன ஐயா?" என்றார் துலாஞ்சன. "முட்டி வலிக்குது" என்றார் தயாபரன்.

யசோதினி கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். குடையைக் காணோம்.

காம்பராவுக்குப் போனபோது ராசம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒன் கொரலப் போடுறேன்னாங்களே. அதுவும் போச்சா?"

"போச்சும்மா."

"இத்தன வருசம் பாடுபட்டு, கைக்கு வந்தத இப்பிடித் தொலைப்பியா? யாரு ஒன்னப் பேசச் சொன்னா?"

"ஒனக்காகத்தாம்மா."

"நான் கேட்டனா?" என்றாள் ராசம்மா. ரொட்டியை வைத்தாள், சம்பலை வைத்தாள். யசோதினிக்கு அழுகை வந்தது. குரல் போனதில் வருத்தம்தான். பேசியதில் ஒரு துளி வருத்தம் இல்லை. ஆனால் அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மறுநாள் கொழும்புக்கு வேன் ஏறினாள்.

விளம்பரம் மாலை நாடகங்களுக்கு நடுவே வந்தது. அவள் வாயிலிருந்து, தேன் தடவிய கொழும்புக் குரல் ஒன்று, "விடுங்கள் ஐயா, நானே பொறுக்கிக்கொள்கிறேன்" என்றது. கண்ணீரோடு முட்டி போட்ட அந்த அதிகாரியைப் பார்த்து நாடே உருகியது. பதுளைக் கடைத்தெருவில் தெரியாதவர்கள் எல்லாம் தயாபரனுக்குக் கும்பிடு போட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஏனென்றால் வேங்கைமலை லயங்களில் பிள்ளைகள் முதல் கிழவிகள் வரை, விளம்பரம் வந்ததும் கொழும்புக் குரலுக்கு மேலால் யசோதினியின் வார்த்தைகளைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்து ஆட்கள் பஸ்ஸிலும் சந்தையிலும் எங்கேயும் எதிர்ப்பட்டார்கள். கடைசியில் அவர் மொனராகலையில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார் என்று கேள்வி. அங்கேயும் தொலைக்காட்சி உண்டு.

தீபாவளிக்கு யசோதினி வீட்டுக்கு வந்தாள். அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாலையில் இருவரும் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவே விளம்பரம் வந்தது. கூடை சரிந்தது. ராசம்மா பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்து, சத்தத்தை முழுதாகக் குறைத்தாள்.

"ஒன் வாயில வேறொருத்தி பேசுறது எனக்குப் புடிக்கல" என்றாள்.

சத்தமில்லாத திரையில் யசோதினி புன்னகையோடு பேசிக்கொண்டிருந்தாள். தயாபரன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். ராசம்மா வீங்கிய முட்டிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"எந்திரிச்சிராத. இன்னும் கெடக்கு."